தண்ணீருக்கடியில் சாலை

அக்போகோபே
7 ஆகஸ்ட் 2005

அன்பு மகள் செஃபாகோருக்கு,

மீன் லாரி ஓட்டுநரிடம் நீ கொடுத்தனுப்பிய சோப்பும் துணியும் வந்து சேர்ந்தன. கடிதம்தான் இல்லை. நர்ஸ் படிப்பில் அம்மாவுக்கு எழுத நேரம் கிடைப்பதில்லை போலும். நாங்கள் நலம்.

அப்பாவின் குறட்டை உனக்குத் தெரியும். இப்போது அது நடுவில் நின்றுவிடுகிறது. எண்ணிப் பார்த்தேன். இருபதுவரை மூச்சே இல்லை. பிறகு முங்கி எழுந்தவர்போல ஒரு திணறல். விடிந்தால் தலைவலி. சோளக்களியைக் கையில் உருட்டியபடியே தூங்கிவிடுகிறார். பக்கத்து வீட்டு அமேவிக்குக் கேலி. "ராத்திரி பூரா உம்புருசன் படகத் தள்ளுறாராக்கா?"

நானும் சிரித்தேன். வியாழக்கிழமை சந்தைப் படகில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. அணை கட்டி ஏரி வருவதற்கு முன்பிருந்த சாலைக்கு நேர் மேலேதான் அப்பா படகை விடுவார். சாலையில் மரமில்லை, இருபுறமும் படகைக் கிழிக்கும் மூழ்கிய மரங்கள். முப்பது வருடமாக அந்த வழி அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அன்று பாதித் தண்ணீரில் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "எங்க போயிட்டிருக்கோம்?"

தூக்கக் கலக்கம்தானே?

உன் அம்மா
அஃபிவா


ஹோ
13 ஆகஸ்ட் 2005

அன்புள்ள அம்மா,

கோபம் வேண்டாம். இதோ எழுதுகிறேன்.

ஆசிரியையிடம் கேட்டேன். தூக்கத்தில் தொண்டை அடைபடுகிறது. மூச்சு நிற்கிறது. ஒவ்வொரு முறையும் மூளைக்குப் பிராணவாயு குறைகிறது, ஆழ்ந்த தூக்கம் கலைகிறது. அன்றன்று நடந்தது மனதில் பதிய அந்தத் தூக்கம் வேண்டும். வயதானவர்களுக்கு வருடக்கணக்கில் இப்படியே போனால் மறதி வரலாம். வந்தே தீரும் என்றில்லை. மறதிக்கு வேறு காரணமும் இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும். தலைநகரில், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி இருக்கிறதாம். நம் ஊரில் மின்சாரம் இல்லை. தெரியும்.

அதுவரை அவரை மல்லாந்து படுக்க விடாதே. சாராயம் வேண்டாம். படகுச் சுக்கானைப் பிடிக்கவே வேண்டாம். படகின் சொந்தக்காரரிடம் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

செஃபாகோர்


அக்போகோபே
29 ஆகஸ்ட் 2005

அன்பு மகளுக்கு,

அப்பாவின் சட்டை முதுகில் வலை மிதவை ஒன்றைத் தைத்துவிட்டேன். மல்லாந்தால் உறுத்தும். "என்ன மீனுன்னு நெனச்சியாடி?" என்று கத்தினார். ஆனாலும் ஒருக்களித்துத்தான் தூங்குகிறார். குறட்டை குறைந்திருக்கிறது.

படகின் சொந்தக்காரரிடம் சொல்லவில்லை. "சுக்கானப் பிடுங்கிட்டா அப்புறம் நான் என்ன, உன் அடுப்புக்கு வெறகா?" என்கிறார். 

கவலைப்படாதே. நல்ல செய்தி இருக்கிறது. நினைவு திரும்பிவிட்டது. நேற்று முழுக்க மூழ்கிய ஊரைப் பற்றியே பேசினார். சாலை பிரியுமிடம், அங்கிருந்து அவருடைய அம்மா வீடு, அதைச் சுற்றிய மாந்தோப்பு. மரம் மரமாகச் சொன்னார். எனக்கே மலைப்பு. காலையில் என் பெயரைக் கேட்டார், விளையாட்டுக்கு.

வரும் வியாழன் அந்தக் கிளைப்பாதையில் படகை விடப் போகிறாராம். சந்தைக்கு அது குறுக்குவழி என்கிறார். போகிற வழியில் அம்மாவையும் பார்த்துவிடலாமாம். அந்தக் கிழவி செத்து நாற்பது வருடம். குறும்பு இன்னும் போகவில்லை பார்.

நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மா


சந்தைத்துறை
1 செப்டம்பர் 2005, வியாழன்

அம்மா,

உன் கடிதம் நேற்று மாலைதான் கிடைத்தது. அதற்குமேல் உன் கரைக்குப் படகில்லை. அதனால் இந்தக் கரைக்கு வந்துவிட்டேன்.

நினைவு திரும்பவில்லை அம்மா. புதியது அழிகிறது. பழையது மிஞ்சுகிறது. அவர் மனதில் இப்போது மாந்தோப்பு இருக்கிறது. ஏரி இல்லை.

மணி பதினொன்று. மற்ற ஊர்ப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. துறையில் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "அகுபெக்கோ அண்ணனா? அவரு தூங்கிக்கிட்டே வந்து சேந்துருவாரும்மா, நீ போய்ச் சாப்புடு" என்று சிரித்தார்கள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

தேடப் போகிறார்கள். டீசல் ஊற்றியாகிவிட்டது. "எந்தப் பக்கம்மா அந்தத் தோப்பு?" என்று கேட்டபடி எல்லோரும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை.

இதை முடிப்பதற்குள் நீ வந்து இறங்கிவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

இரண்டாவது தாளை எடுத்துவிட்டேன்.