ஒரே தானில் தைத்த சட்டைகள்

9 ஜனவரி 2025, வியாழன்

தமிழ் டப்பிங்குக்கு வசனம் எழுதப் புதுப் படம் வந்திருக்கிறது. போர்க்காலக் காதல். ஊரே விளக்கணைத்துக் கிடக்கையில், எதிரி விமானத்துக்கு விளக்குக் காட்டியது தபால்காரன்தான் என்று காதலியின் தங்கை சொல்லிவிடுகிறாள். காட்டியது அவனில்லை. அதைச் சொல்லும்போது அந்தத் தங்கையின் உதடுகள் மூடித் திறக்கின்றன. ‘ப’ அல்லது ‘ம’ வேண்டும். அரை நாள் தேடினேன். ‘பார்த்தேன்’ கச்சிதமாக உட்கார்ந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

11 ஜனவரி

அதே காட்சியில் நிற்கிறேன். ஸ்டுடியோவிலிருந்து இரண்டு போன்.

14 ஜனவரி

பொங்கல் லீவு, அத்தா வீட்டில் இருந்தார். ஷைமா அக்கா நேராகக் கேட்டுவிட்டாள். மச்சான் இறந்து நாலு வருஷமாகிறது.

“அத்தா, பரீத்த நிக்காஹ் பண்ணிக்கிறேன். பரவையில டெய்லர் கடை வச்சிருக்காரு. இன்னும் கட்டிக்கல.”

அத்தா கோபப்படவில்லை. “நம்ம ஜமாத்துல கடிதம் வாங்கிட்டு வரட்டும். வந்தா எனக்கு மறுப்பில்ல” என்றார்.

வராது என்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளையின் ஜமாத் கடிதம் இல்லாமல் எந்தப் பள்ளிவாசலிலும் நிக்காஹ் நடக்காது. இங்கே பதிவேட்டில் பரீத் பெயருக்கு எதிரே ‘திருட்டு’ என்று இருக்கிறது.

அக்கா என்னைப் பார்த்தாள். “அன்னைக்கு நீ நல்லாத்தானடி பாத்த?”

தலையாட்டினேன். மறுபடியும்! என்ன பிறவி நான்?

16 ஜனவரி

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் வாயில் வரும்.

2005, பெருநாள். அத்தா தன் ஜவுளிக்கடையில் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரே துணித் தானிலிருந்து வெட்டி, கடை ஆட்களுக்கும் வீட்டு ஆம்பிளைகளுக்கும் சட்டை தைத்துக் கொடுப்பார். அந்த வருஷம் ஊதாவில் வெள்ளைக் கோடு. மதியம் அம்மா அறையிலிருந்து ஒரு ஊதா முதுகு வெளியே போனதைப் பார்த்தேன். முதுகு மட்டும். சாயந்திரம் அம்மாவின் சங்கிலியைக் காணோம்.

காலையில்தான் அக்காவும் கடையில் வேலை பார்த்த பரீத் அண்ணனும் படிக்கட்டில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “சின்னப் புள்ள, கீழ போ” என்று அக்கா என்னைத் துரத்தினாள். அந்த எரிச்சல் இருந்தது. “பரீத் அண்ணே” என்றேன்.

“மொகத்தப் பாத்தியா?” அத்தா கேட்டார்.

“பாத்தேன்.”

எட்டு நாள் கழித்து, ஆசிப் அண்ணனின் கிரிக்கெட் பைக்குள் அந்தச் சங்கிலி. என் கூடப்பிறந்தவன். அதற்குள் பரீத் அண்ணன் ஸ்டேஷனில் இரண்டு நாள் இருந்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். அவர் அம்மா மைதீன் பீவி எங்கள் வாசலில் நின்று அழுது ஓய்ந்திருந்தார். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

பன்னிரண்டு வயது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சலுகை கொடுத்தேன். முந்தாநாள் தலையாட்டியபோது முப்பத்தியொன்று.

20 ஜனவரி

படம் முடிந்தது. தபால்காரன் போர்முனையில் செத்துப்போகிறான். அவன் கல்லறைக்கு முன்னால் அந்தத் தங்கை மன்னிப்புக் கேட்கிறாள் — மழை, வயலின், எல்லாம். எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே ஆள் உயிரோடு பரவையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறார். டவுன் பஸ் போகிறது.

22 ஜனவரி

பரீத் அண்ணன் கடைக்குப் போனேன். சொன்னேன். அவர் தலை தூக்கவில்லை, மிஷினையும் நிறுத்தவில்லை.

“எங்கிட்ட எதுக்கு சொல்ற? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா?” கொஞ்ச நேரம் தைத்தார். “எங்கம்மாட்ட சொல்லிருக்கணும். மவுத்தாகி ஆறு வருசமாச்சு. போ, ஜமாத்துல சொல்லு.”

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து அம்மா தண்ணீர் கொடுத்தார்.

24 ஜனவரி, வெள்ளி

காலையில் அத்தாவிடம் சொன்னேன்.

“ஆசிப்பா?” என்றார். பிறகு, “துபாய்ல புள்ளகுட்டியோட இருக்கான்மா.”

“பரீத் அண்ணனுக்கும் அப்படி இருந்திருக்கும் அத்தா.”

அத்தா தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவரே என்னை ஜமாத் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். தலைவர் அதே கேள்வியைக் கேட்டார்.

“அன்னைக்கு மொகத்தப் பாத்தியாம்மா?”

“பாக்கல. சட்டையத்தான் பாத்தேன். எல்லாருக்கும் அதே சட்டை.”

அத்தா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

27 ஜனவரி

அக்கா பாயை எங்கள் அறையிலிருந்து வேறு அறைக்கு எடுத்துப்போய்விட்டாள்.

3 பிப்ரவரி

பதிவேட்டில் அடித்துத் திருத்தி, கடிதமும் கொடுத்துவிட்டார்கள். அத்தாவே பரவைக்குக் கொண்டுபோனார். அங்கே என்ன பேசினார்களோ தெரியாது. வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அக்கா இன்று என்னிடம் பேசினாள். “இருபது வருசம்டி.” அவ்வளவுதான்.

16 பிப்ரவரி, ஞாயிறு

பரவையில் நிக்காஹ். அத்தா எல்லாருக்கும் துணி எடுத்திருந்தார், ஆளுக்கொரு நிறம். “என்ன மொதலாளி, இம்புட்டு கலரா?” என்று கடை ஆட்கள் கேட்டார்களாம்.

நான் பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை.

கிளம்பும் நேரம் பரீத் அண்ணன் முதுகைக் காட்டி நின்று செருப்புத் தேடிக்கொண்டிருந்தார். திரும்பும் வரை நின்றேன். தாடி பாதி நரைத்திருக்கிறது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. அந்தப் பெருநாள் காலையில் படிக்கட்டில் சிரித்தபோது அது இல்லை.

“சாப்டியா?” என்றார்.

“இல்லண்ணே.”

“போயி சாப்புடு.”

சாப்பிட்டேன்.