டாங்கியில் தேய்த்த சவர்க்காரம்

என்னைக் கட்டிக்கொண்டு வந்து கடைசிவரை திட்டித் தீர்த்த என் ராசாவுக்கு,

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். உங்கள் தம்பி மட்டும் ரொம்ப நன்றாக இருக்கிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதே கதைதான்: "மக அப்பன் கார எடுத்து ஊர் சுத்தி பெற்றோல முடிச்சிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில கார் நின்னு, அண்ணன் போயிட்டாரு."

அவர் கட்டிய கதையா அது? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் மடியில் கிடந்த நீங்கள் சொன்னதுதானே! புசல்லாவையிலிருந்து கண்டிக்கு நம் தர்ஷினி காரை விரட்டிக்கொண்டு வந்தாள். கம்பளை தாண்டியதும் நின்றுவிட்டது. "நேத்துத்தானே பெற்றோல் அடிச்சேன், எங்கடி சுத்தப் போன?" என்றீர்கள். முன் சீட்டிலிருந்த உங்கள் தம்பி காதில் வாங்கிக்கொண்டார். ஆட்டோ பிடிப்பதற்குள் போய்விட்டீர்கள்.

பெற்ற மகளுக்கு விட்டுப்போன கடைசி வார்த்தை. வாய் கூசவில்லையா உங்களுக்கு?

அன்றிலிருந்து அவள் காரைத் தொடவில்லை. பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போகிறாள். நாவலப்பிட்டியிலிருந்து வந்த சம்பந்தமும் இந்தப் பேச்சால் நின்றுபோனது.

போன வாரம், காரை விற்றுத் தொலைக்கலாம் என்று பெற்றோல் ஊற்றி வைத்தேன். விடிந்தால் வாசலெல்லாம் நாற்றம். கராஜுக்கு இழுத்துப்போனோம். மெக்கானிக் பாஸ் மிச்சப் பெற்றோலைப் பிளாஸ்டிக் கானில் வடித்து, குழாயைக் கழற்றி, பட்டியை அவிழ்த்து பெற்றோல் டாங்கியைக் கீழே இறக்கினார். அடியில் துருப்பிடித்த ஓட்டை. அதை அடைக்க அதன்மேல் கட்டி கட்டியாகச் சவர்க்காரம்.

"இது டாங்கியா, சவுக்காரக் கட்டியா அக்கா? இது எவ்வளவு நேரம் தாங்கும்? அடிச்ச பெற்றோல் பூரா ராவோட ராவா ஒழுகியிருக்கும்!"

திரும்பிப் பார்த்தேன். தர்ஷினி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"உனக்குத் தெரியுமாடி?"

"போறதுக்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா கார் அடியில படுத்து சவுக்காரம் தேச்சிக்கிட்டு இருந்தாரும்மா. அம்மாகிட்ட சொல்லாத, சண்டைக்கு வருவான்னாரு."

"பின்ன ஏன்டி இத்தன பேச்சயும் கேட்டுக்கிட்டு இருந்த?"

"செத்துப்போனவர எப்படிம்மா குத்தம் சொல்றது?"

அட பாவி மனுசா! கராஜ் என்றும் பாராமல் அழுதேன். உங்களுக்காக இல்லை.

டாங்கியைக் கழுவி, காயவைத்து, ஓட்டையை அடைத்து மறுபடி மாட்டியாகிவிட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் கொஞ்ச வேலைக்கு உங்களுக்கு என்ன கேடு வந்தது? காரை நான் விற்கப்போவதில்லை.

உங்கள் திவசத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன். செத்தவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வராது, எனக்கு நன்றாக வரும். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, உங்கள் தம்பி முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்வேன். வந்தவர்களுக்குச் சோறு உண்டு. உங்களுக்குப் படையல் கிடையாது. என் பிள்ளை தலை நிமிர்ந்து அந்தக் காரை ஓட்டுகிறவரைக்கும் காக்காய்க்கு ஒரு பருக்கைகூட வைக்க மாட்டேன். இது சத்தியம். பசியோடு கிடங்கள்.

இப்படிக்கு,
தர்ஷினியைப் பெற்றவள்