உதறினால்தான் இறங்கும்

ஏப்ரல் 3

வானிலை நிலையத்தில் மூன்றாம் மாதம். இன்னும் தற்காலிகம். கருவிகள் இருக்கும் வெள்ளைக் கூண்டின் சாவியைத் தினமும் நிலையப் பொறுப்பாளர் மேடத்திடம் கேட்டு வாங்குகிறேன். தனிச்சாவி நிரந்தரமானவர்களுக்கு மட்டும்.

உச்ச வெப்பமானியைக் காலையில் உதறிப் பாதரசத்தைக் கீழிறக்க வேண்டும், மாலையில் படிக்க வேண்டும். தொட்ட உயரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஜாதி அது, உதறினால்தான் இறங்கும். அக்காவிடம் போனில் சொன்னேன்.

“அம்மா மாதிரின்னு சொல்லு. என் கல்யாணத்துல ஏறின சூடு இன்னும் இறங்கல. ஒரு நாள் வந்து உதறிட்டுப் போ.”

ஏப்ரல் 9

38.4.

ஏப்ரல் 14, வெள்ளி

42.6. மூன்று முறை படித்தேன்.

இதுவரை இங்கே பதிவான உச்சம் 41.8. பன்னிரண்டு வருடம் முன்பு மேடமே படித்தது. “என் ரெக்கார்டக் காலி பண்ணிட்டியேம்மா,” என்றார். உண்மையாகவே சந்தோஷம். “திங்கட்கிழமை மேலிடத்துக்கு அனுப்பிடலாம். உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுற கடிதத்துல இதான் முதல் வரி.”

அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வெயிலை நானே காய்ச்சி ஊற்றியதுபோல.

ஏப்ரல் 16, ஞாயிறு

கூண்டுக்குள் ஒரு பேனா, வெப்பத்தை வாரம் முழுக்கக் கோடாக இழுத்துக்கொண்டிருக்கும். இன்று தாள் மாற்றினேன். வெள்ளிக்கிழமைக் கோடு 39-ஐத் தாண்டவேயில்லை.

அப்போ 42.6 எங்கேயிருந்து?

— ஐயோ. அக்காவின் போன். அன்று காலை உதறி முடித்ததும் வந்தது. வெப்பமானியை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டுப் பேசினேன். கறுப்பு சீட். நல்ல வெயில். பேசி முடிச்சு, திரும்ப உதறாம, அப்படியே எடுத்து கூண்டுல வெச்சுட்டேன்.

நான் அளந்தது ஊரை அல்ல. சீட்டை.

மாலை

சராசரி என்றால் தப்பித்திருப்பேன். முப்பது நாளில் ஒரு நாள் மூன்றரை டிகிரி பிசகினால் மாதத்துக்கு ஒரு துளி கூடும், அவ்வளவுதான். உச்சம் அப்படியில்லை. மற்ற எல்லா நாளையும் தள்ளிவிட்டு அந்த ஒரே எண் நிற்கும், அதைவிடப் பெரியது வரும்வரை. ஸ்கூட்டர் சீட்டை எந்த வெயில் ஜெயிக்கும்?

பழைய தாளை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. சொன்னா கடிதம் போச்சு. சொல்லலன்னா — நாளைக்கு அது மேலிடம் போயிடும்.

ஏப்ரல் 17

சொன்னேன்.

மேடம் தாளைப் பார்த்தார். ஜன்னல் வழியாக என் ஸ்கூட்டரைப் பார்த்தார். “சீட்டுக்குத் தனிப் பதிவேடு நம்மகிட்ட இல்லையேம்மா.”

பதிவேட்டில் 42.6-ஐச் சிவப்பு மையில் அடித்தேன். ‘காரணம்’ கட்டத்தை நானே நிரப்ப வேண்டுமாம். ‘ஸ்கூட்டர் சீட்’ என்று எழுதினேன். கடிதம் பற்றி அவர் பேசவில்லை. நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 22

37.0. கடிதம் பற்றிப் பேச்சில்லை.

ஏப்ரல் 30

காலையில் சாவி கேட்டேன்.

“எங்கிட்ட ஏன் கேக்கிற? உன் மேசையில பாரு.”

புதுச் சாவி. பச்சை நூலில் கட்டியது.

உதறும்போது அக்காவின் போன். அடிக்கட்டும் என்று விட்டேன். வெப்பமானியை மாட்டி, கூண்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டபிறகு எடுத்தேன்.

“எவ்வளவு நேரம்டி அடிக்கிறது? எனக்குச் சூடு தலைக்கு ஏறிடுச்சு.”

“உதறிக்கோ,” என்றேன்.

மாலை, 36.2.