மூன்று மணிக்கு முன்னால் வைத்த அரக்கு

இன்று காலை தபால் நிலையத்தில் அரக்கு வாசனை அடித்தது. மகளுக்கு ஒரு பார்சலை இன்ஷூர் செய்து அனுப்பப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் மெழுகுவத்தியைக் கொளுத்தி, சிவப்பு அரக்குக் குச்சியை அதில் காட்டி, துணித் தையலின் மேல் சொட்டவிட்டுப் பித்தளை முத்திரையால் அழுத்தினார். இந்தக் காலத்திலும் அரக்கு வைக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டே நின்றவள், ரசீதை வாங்க மறந்து வெளியே வந்துவிட்டேன். கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அந்த வாசனையில் நீ இருந்தாய் சிநேகிதி, நான் என்ன செய்ய?

நம் இரண்டு பேருக்கும் பிழைப்பே அரக்கும் நூலும்தானே. நீ உக்கடத்துப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் பர்ச்சேஸ் செக்‌ஷன். நான் மதுக்கரை ரோட்டில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் அதே வேலை. பஞ்சு முதல் பினாயில் வரை வாங்கிப் போடுவது. நம் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. தப்பு நடந்தால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொள்முதல் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். மாறிய விதி சென்னையிலிருந்து கிளம்பி, பெரிய ஆபீஸ்களில் எல்லாம் இளைப்பாறி, எங்களைப் போன்ற ஓரத்து ஆபீஸ்களுக்கு வந்து சேர்வதற்குள் அதையும் மாற்றி இன்னொன்று வந்திருக்கும். பழைய விதிப்படி வாங்கிவிட்டுப் புது விதிப்படி ஆடிட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்காகத்தான் நீ அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தாய். கூட்டம் என்றால் என்ன பெரிய கூட்டம்? உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்புறம் ஒரு பேக்கரி, அதில் கடைசி மேஜை, அவரவர் காசில் டீயும் தேங்காய் பன்னும். நீ, நான், தாராபுரத்தில் ஒரு ஆபீஸில் ஸ்டோர்ஸ் பார்த்த, நாமெல்லாம் அண்ணன் என்று கூப்பிட்ட பெரியவர், இன்னும் வந்தவர் போனவர். உன் ஆபீஸுக்குத்தான் சுற்றறிக்கைகள் முதலில் வரும். கார்பன் வைத்து எழுதிக் கொண்டுவந்து, பன்னைப் பிய்த்துக்கொண்டே வாசிப்பாய். புரியாத இடம் வந்தால் மழுப்ப மாட்டாய். "எனக்கும் தெரியலீங்க. கேட்டுச் சொல்றேன்" என்பாய். ஒருமுறை நான் சீண்டினேன், தலைவிக்கே தெரியாதா என்று. நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தெரியாததைத் தெரியும்னு சொன்னா அது ஆடிட்ல வந்து நிக்கும் அம்மணி. தெரியலைன்னு சொன்னா இந்த டீயோட போயிரும்."

இத்தனைக்கும் கூட்டத்துக்குக் கடைசியாக வருபவள் நீதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவைப் பார்க்கத் தாராபுரம் பக்கத்து உன் ஊருக்குப் போய்விடுவாய். சனிக்கிழமை எங்களுக்காகவே கிளம்பி, பஸ்ஸுக்கு மேல் பஸ் மாறி, தோள்பை ஒரு பக்கம் முந்தானை ஒரு பக்கம் பறக்க ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடி வருவாய். நான் உனக்கும் சேர்த்து டீ சொல்லி, ஆறிவிடாமல் டம்ளர் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பேன். அண்ணன் சிரிப்பார். "நேரம் தவறுனா டெண்டரே செல்லாதுன்னு நமக்குச் சொல்லிக் குடுக்கறது யாருன்னு பாருங்க" என்பார்.

இனி அந்த மெத்தை டெண்டர் நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. நீ இருந்திருந்தால், "மறுக்கா ஆரம்பிச்சுட்டியா" என்று தலையில் அடித்துக்கொள்வாய். நீதான் இல்லையே.

எங்கள் பிரசவ வார்டில் மெத்தைகள் கிழிந்து பஞ்சு வெளியே தொங்கியது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஜன்னலை உதைக்கும் மாதம். பிள்ளை பெற்றவர்கள் இரும்புக் கட்டிலில் பழைய சேலையை விரித்துப் படுத்திருந்தார்கள். முந்தைய டெண்டர் ஒரு புகாரால் ரத்தாகியிருந்தது. இதுவும் ரத்தானால் மறுபடி விளம்பரம், மறுபடி காத்திருப்பு, அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். வார்டு சிஸ்டர் என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி: "மெத்தை எப்பங்க வரும்?" அவரைப் பார்த்தால் நான் வேறு வராந்தாவில் திரும்பிவிடுவேன்.

மூன்று மணி வரைக்கும் விலை எழுதிய டெண்டர் கவர்களைப் பெட்டியில் போடலாம். மூன்றானதும் பெட்டியின் வாய்க்கு மேல் காகிதம் ஒட்டி அரக்கு வைத்துவிட்டு, பிறகு எல்லோர் முன்னிலையிலும் திறக்கவேண்டும். புதிதாக மாற்றலாகி வந்திருந்த சூப்பிரண்டு கறாரானவர். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, முள் மூன்றைத் தொட்டதும் தன் கையாலேயே அரக்கு வைத்து முத்திரை போட்டார். நான் பக்கத்து மேஜையில் வந்திருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். வாசனை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்றாகவில்லை.

எங்கள் ஆபீஸ் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். அது பழுதல்ல. ஆட்கள் நேரத்துக்கு வரவேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு சூப்பிரண்டு முள்ளைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எல்லோரும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். யாரும் சீக்கிரம் வந்ததில்லை. புதிதாக வரும் அதிகாரியிடம் மட்டும் அதைச் சொல்வதில்லை. ஓர் அதிகாரி தள்ளி வைத்த கடிகாரத்தைப் பற்றி இன்னொரு அதிகாரிக்கு நாங்கள் சொல்வதா? பாவம் மனிதர், அதை நம்பிவிட்டார்.

அரக்கு உறைவதற்குள் ஒருவர் கவரைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரில் மெத்தை செய்பவர். வேர்த்து ஊற்றியது. "இன்னும் நேரமிருக்குதுங்களே" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். டவுனிலிருந்து வந்திருந்த பெரிய கடைக்காரர் எழுந்துவிட்டார். "அரக்கு வெச்சாச்சுங்க. இனிப் பொட்டியைத் தொட்டா நான் மேல எழுதுவேன்." ஓடி வந்தவர், "நேரம் இருக்கறப்பவே வாங்காட்டி நானும்தானுங்க எழுதுவேன்" என்றார். இரண்டு பக்கமும் புகார். எப்படிப் போனாலும் டெண்டர் ரத்து. சூப்பிரண்டு என்னைப் பார்த்தார். எனக்கு உன் நம்பரைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

நடந்ததைக் கேட்டுவிட்டு நீ போனில் முதலில் சொன்னது, "எனக்கும் தெரியாதே அம்மணி." அடுத்து ஒரு மூச்சு விட்டாய். பிறகு சொன்னாய்: "பொட்டியைப் பத்திச் சுற்றறிக்கை இருக்குது. கடிகாரத்தைப் பத்தி இல்லை. சுற்றறிக்கை இல்லாததை எல்லார் கண்ணு முன்னாலயும் செஞ்சுபோடு, அதுதான் ரூலு. அரக்கைத் தொடாத. அந்தாளையும் அனுப்பிப்போடாத. போனை வெச்சுப்போட்டு மணி சொல்ற நம்பரைச் சுத்து. ஒவ்வொருத்தர் காதுலயும் ரிசீவரை வெய்யி. சீக்கிரம்!"

சுற்றினேன். அந்தக் காலத்தில் தொலைபேசியில் ஒரு பெண் குரல் சலிக்காமல் மணி சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் சூப்பிரண்டு கேட்டார். முகத்தைச் சுருக்கி, சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்தார். அடுத்து வந்திருந்தவர்கள் வரிசையாக நின்று, கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல ரிசீவரை வாங்கி வாங்கிக் கேட்டார்கள். பெரிய கடைக்காரர் கடைசியாகத்தான் வந்தார். அவர் காதில் வைத்தபோதும் மூன்றாகவில்லை. ரிசீவரை என்னிடம் நீட்டினார். அரக்கு வைத்த பிறகு வந்த கவரை மேஜை நடுவில் வைத்து, நடந்ததை நடந்தபடி அதன் மேல் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடுகிறது என்று எழுதும்போது சூப்பிரண்டின் கை தயங்கியது. ஆனாலும் எழுதினார். நல்ல மனிதர்.

கவர்களைப் பிரித்தோம். குறைந்த விலை யாருடையது தெரியுமா? மேலே எழுதுவேன் என்று குதித்தாரே, அந்தப் பெரிய கடைக்காரருடையது. ஓடி வந்தவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் அவர் புகாரில் டெண்டர் ரத்தாகி, இவருக்கு வந்ததும் போயிருக்கும். பொள்ளாச்சிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெடைக்காட்டிப் போகுதுங்க. எம்பட கவரையும் பிரிச்சுப் படிச்சீங்கல்ல, அது போதுமுங்க" என்று கும்பிட்டார். புகார் எதுவும் போகவில்லை. மழைக்கு முன்னால் மெத்தைகள் வந்துவிட்டன. சிஸ்டர் ஒரு கைக்குழந்தையைப் புது மெத்தையில் கிடத்திவிட்டு, ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தக் குழந்தை நம் சட்டதிட்டம் எதுவும் அறியாமல் நன்றாக நனைத்து வைத்திருந்தது.

கடிகாரத்தைச் சரி செய்தார்கள். மறுநாளிலிருந்து பாதிப் பேர் பத்து நிமிஷம் பிந்தி வந்தார்கள், பழக்க தோஷம். அடுத்த சனிக்கிழமை இதைச் சொன்னபோது நீ டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தாய். சிரித்து முடித்த பிறகு, டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாய்: "எங்கப்பனுக்கு மணி பாக்கத் தெரியாது. பண்ணையத்துக்காரர் ஊட்டுக் கடிகாரம் சொன்னதுதான் மணி. வேலைக்கு எறங்கறப்ப அது முன்னால ஓடும். கரையேறறப்ப பின்னால ஓடும்."

அப்படி ஒரு கடிகாரம் எங்கள் வீட்டுக் கூடத்திலும் தொங்கியது. வேலைக்காரர்கள் வாசலில் நின்று அதை எட்டிப் பார்ப்பதை நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். அது உனக்கும் தெரியும். ஆனால் நீ என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, சிநேகிதியிடம் சொல்வதுபோலச் சொன்னாய். உன் தட்டில் இருந்த பன்னில் பாதியை எடுத்துத் தின்றேன். "உம்பட பன்னு அங்க இருக்குது பாரு, திருடி" என்றாய். அந்த நிமிஷம் உன்னைப் பிடித்ததுபோல யாரையும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

டெண்டருக்கென்றே தனிச் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியிருந்த சமயம் அது. எல்லோரும் பயந்துகிடந்தோம். நீ மட்டும், "வரட்டும். உக்காந்து படிச்சுப்போடலாம்" என்றாய். அப்போது ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல நான் உனக்கும் டீ சொல்லித் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். பஸ்கள் வந்தன. குளத்துக் காற்று வந்தது. தாராபுரத்து அண்ணன் வந்தார். எப்போதும் சிரித்துக்கொண்டே வருபவர், மேஜைக்குப் பக்கத்தில் வந்தும் உட்காரவில்லை.

"இனி ரெண்டு டீ சொல்லாதீங்க அம்மணி" என்றார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஓடிய ஒரே நினைப்பு, உனக்குப் போன் செய்து இப்போது என்ன செய்வது என்று கேட்கவேண்டும் என்பதுதான்.

கோபம் இன்னும் ஆறவில்லை. நாற்பதைக்கூட நீ தாண்டவில்லை. ஊரார் கவருக்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்று பார்த்தவளே, உன் பெட்டிக்கு யார் இப்படி முன்னாலேயே அரக்கு வைத்தது? எந்தச் சுவரில் எந்தக் கடிகாரம் அப்படி ஓடியது? எந்த எண்ணைச் சுற்றி, யார் காதில் ரிசீவரை வைத்து, இவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் நிரூபிப்பது?

சட்டம் வந்தது. நீ சொன்னபடியே உட்கார்ந்து படித்தோம். நீ செய்ததை என்னால் முடிந்த அளவு நான் செய்தேன். பேக்கரியில் நானே வாசித்தேன். புரியாத இடத்தில், "எனக்கும் தெரியலீங்க" என்றேன். அதைச் சொல்லும்போதெல்லாம் என் குரலில் உன் குரல் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக ஓய்வு பெற்றோம். அண்ணனும் போய்விட்டார். எல்லாமே கம்ப்யூட்டரில் வந்துவிட்டதாம், பெட்டியும் இல்லை, அரக்கும் இல்லை. நல்லதுதான். யாரும் ஓடி வரவேண்டியதில்லை.

என்னிடம் உன் போட்டோ ஒன்றுகூட இல்லை. உன்னிடமிருந்து என்னோடு வந்தது ஒரு கெட்ட பழக்கம்தான். பஸ்ஸில் ஏறினால் படியிலேயே நின்றுவிடுவேன். "சித்தெ இருங்க, ஆரோ ஓடி வர்றாங்க" என்று கண்டக்டரிடம் சொல்வேன். அவர் முனகிக்கொண்டே விசிலைக் கையில் பிடித்திருப்பார். பெரும்பாலும் யாராவது மூச்சு வாங்க வந்து ஏறுவார்கள். என்னை யாரென்றே தெரியாமல் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள்.

இன்று தபால் நிலையத்திலிருந்து திரும்பும்போது உக்கடத்தில் பஸ் ஏறினேன். யாரும் ஓடி வரவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் வெறுமனே வெயில் அடித்தது. ஆனாலும் கண்டக்டரிடம் சொன்னேன், சித்தெ இருங்க என்று.