தெய்வானை கையில பூத்தட்டு

பிப். 11, செவ்வாய். கண்டி.

வெயில். ஆனா உறைக்கல. யாரோ வடிகட்டி அனுப்பின மாதிரி.

ரயிலடியிலிருந்து ரூமுக்கு நடை. முதுகுல மகனோட காலேஜ் பை. திண்டுக்கல் சந்தையில பூமூட்டை தூக்குன முதுகு, இதெல்லாம் ஒரு கனமா. எதிர்ல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, அவளைவிட அவ பை பெருசு. ஒருத்தர் பையை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டோம். தெ. தலையில அடிச்சுக்கிட்டா. (தெ. = என் தங்கச்சி தெய்வானை. முழுசா எழுதினா கை வலிக்குது.) இந்த வயசுல முதுகுல பை தேவையாக்கான்னா.

ஏரி ஊருக்கு நட்ட நடுவுல. சுத்தி வெள்ளைச் சுவர், மேகம் மாதிரி வளைவு வளைவா. மீனெல்லாம் குண்டு குண்டு. பிடிக்க ஒரு ஆள் இல்லை. உடும்பு மாதிரி ஒண்ணு நீந்திப் போச்சு, அதைத் திரும்பிப் பார்க்கவும் ஆள் இல்லை. மரம் பூராப் பறவை. கீழே பெஞ்சு பூரா அதுங்க கைவேலை. தெ. துடைக்காம உட்காரப் போனா. நான் சொல்லல. உட்கார்ந்தப்புறம் சொன்னேன்.

சாயங்காலம் திரீவீல். ஆட்டோவுக்கு இங்க அதான் பேரு. ஓட்டினவர் அலவத்துகொடைப் பக்கம், முஸ்லிம். என்னை ராத்தான்னார், அக்கான்னு அர்த்தமாம். தமிழ் கேட்கக் கேட்க இனிப்பு. நாளைக்குப் போயா, அதாவது பௌர்ணமி, மாளிகைக்கு நேரத்தோட போயிடுங்க, சனம் கூடிரும்னார். புத்தரோட பல் இருக்கிற கோயில்தான் மாளிகை.

ராத்திரி கொத்து ரொட்டி. ஒரு தட்டு ரெண்டு பேருக்கு. மிச்சம்.

தெ.யை இழுத்துட்டு வந்த கதை. அவ வீட்டுக்காரர் தவறிப் போய் ஒரு வருஷம். வைகாசியில பையனுக்குக் கல்யாணம். பெத்தவ சீர்த்தட்டு தூக்க மாட்டாளாம், பந்தல்ல கடைசி வரிசையில உட்காருவாளாம். ஒருத்தரும் அப்படிச் சொல்லல, இவளே சட்டம் போட்டுக்கிட்டா. பேசிப் பேசி என் தொண்டை போச்சு. அதான் ஊரை விட்டே கிளப்பினேன். கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சபதம். கொத்து பாதி தின்கையிலேயே எடுத்துட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அந்தப் பக்கம் படுத்திருக்கா.

பிப். 12, புதன்.

விடிகாலைப் பனி. ஏரியே தெரியல.

மாளிகைக்கு வர்ற சனம் மொத்தமும் வெள்ளை உடுப்பு. நான் கிளிப்பச்சைப் புடவை. கண்ணு பட்டிருக்கும். தெ. எப்பவும் போல வெளுத்த சேலை, வெறும் தலை.

பூக்கடை. என்ன பூ! நீல அல்லி, வெள்ளைத் தாமரை இதழ் மடிச்சு, மல்லிகை உதிரியா ஓலைத்தட்டுல. உதிரியாவே சாமிக்குப் போகுதாம். என் கை நாரைத் தேடுச்சு. ஒரு தட்டு வாங்கினேன். வாங்கின கையோட ஒரு அல்லியை எடுத்துக் கொண்டையில சொருகிட்டேன். நம்ம ஊர்க் கோயில் வாசல்ல பூ வாங்கினா பாதி சாமிக்கு, பாதி நமக்கு. ஆயுசு பூரா அப்படித்தானே வித்திருக்கேன்.

கடைக்காரம்மா வாயில கையை வெச்சுட்டாங்க. பக்கத்துல பூ வாங்கிட்டிருந்த ஒரு தமிழ்ப் பொம்பளை மெதுவாச் சொல்லிச்சு. பேரு செல்வராணி, கட்டுகஸ்தோட்டையில துணிக்கடையில வேலை. சாமிக்கு எடுத்த பூவை இங்க யாரும் வெச்சுக்க மாட்டாங்களாம், மோந்துகூடப் பார்க்க மாட்டாங்களாம். அந்தத் தட்டே இனி ஆகாதாம். பூக்காரி நான், பூவால மானம் போச்சு.

கடைக்காரம்மா வேற தட்டு எடுத்தாங்க. என்னை ஒரு பார்வை, தெ.யை ஒரு பார்வை. ரெண்டு கையாலயும் தெ. கிட்ட நீட்டினாங்க. "இவங்கதான் கோயிலுக்கு வர்ற மாதிரி வந்திருக்காங்களாம்"னு செல்வராணி சொல்லிட்டுச் சிரிச்சுது. தெ. கையைப் பின்னால கட்டிக்கிட்டா. பின்னால கூட்டம் நெருக்குது. நீட்டின கையை அந்தம்மா இறக்கல. வாங்கிட்டா.

அப்புறம்தான் வேடிக்கை. வரிசையில போறவங்க வர்றவங்க எல்லாம் அவ தட்டைத் தொட்டுக் கும்பிடுறாங்க. அடுத்தவங்க தட்டைத் தொட்டா அந்தப் புண்ணியத்துல பங்காம். வெள்ளைக் கவுன் போட்ட சின்னப் பிள்ளைங்க, போலீஸ்காரர் ஒருத்தர். மாசமா இருக்கிற பொண்ணு ஒண்ணு, ஒரு கை வயித்துல, ஒரு கை தட்டுல. தெ. பட்டுன்னு பின்னால போனா. இவங்களுக்குத் தெரியாதேக்கா, பாவம்னா என் காதுல. நான் வாயைத் திறக்கல. (ஒரு தடவையாவது.) கூடவே வரிசையில வந்த செல்வராணியைக் கூப்பிட்டு அவளே சொன்னா.

"எனக்கு வீட்டுக்காரர் இல்லம்மா."

"எனக்கும் இல்ல. தட்ட நேராப் பிடிங்க, பூ விழுது."

நேராப் பிடிச்சா.

கீழே மேளம், நாதஸ்வரம் மாதிரி ஒண்ணு, உடம்பு சிலிர்த்துப் போச்சு. மேலே தங்கப் பேழை, கண் சிமிட்டுற நேரம்தான் பார்க்க விட்டாங்க. பூ வைக்கிற மேடை பூரா நீலம். தெ. வெச்சா. வெச்சுட்டும் நகரல. காவலுக்கு நின்னவர்தான் நகர்த்தினார்.

மத்தியானம் ஏரிக்கரை, பிளேன் டீ. தெ. இந்தத் தடவை பெஞ்சைத் துடைச்சுட்டு உட்கார்ந்தா. எனக்கும் சேர்த்துத் துடைச்சா.

பிப். 13, வியாழன்.

தூறல். மதியம் கொழும்பு ரயில்.

மார்க்கெட்டு. ஏலக்கா, கிராம்பு வாசனை வாசல்லயே பிடிச்சு இழுக்குது. மகனுக்குச் சாரம், அதாவது லுங்கி. நான் கறிவேப்பிலையை மோந்துக்கிட்டு நிக்கிறேன் (சாமிக்கு இல்லை, மோக்கலாம்), தெ.யைக் காணோம்.

பித்தளைக் கடையில இருக்கா. பெரிய தாம்பாளம், ஓரம் பூரா அன்னப்பறவை வேலைப்பாடு. விரலை மடக்கித் தட்டுறா, காதை வெச்சு ஓசை கேக்குறா. ஒண்ணு வேணாம்னு தள்ளி, இன்னொண்ணைத் தட்டுறா. என்னடி இதுன்னேன்.

"சீருக்கு வேணும்ல."

"தூக்குறது யாரு?"

"கல்யாணத்துல நான். ஊர் வரைக்கும் நீ."

சொல்லிட்டு என் முதுகுப் பையைத் திறந்து உள்ள தள்ளிட்டா. நடக்க நடக்க இடுப்புல இடிக்குது.