வெள்ளைக் கல்லில் புளி வட்டம்

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அடுப்படிக்குப் போனேன். புதுச் சமையல் மேடைக்காகக் கல் கடையில் மாதிரிக்குக் கொடுத்த நான்கு துண்டுகளின் மேல் நேற்று மாலை மஞ்சள், புளிக்கரைசல், எண்ணெய் எல்லாம் தடவி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சாம்பல் நிற கிரானைட் எண்ணெயைக் குடித்து ஓரிடத்தில் இருண்டிருந்தது. குவார்ட்ஸில் ஒட்டிய மஞ்சள் சோப்புத் தண்ணீரில் போய்விட்டது. எவர்சில்வர் தகட்டில் என் விரல் ரேகைகள் மட்டும். நான்காவது துண்டு வெள்ளை மார்பிள். புளியைத் துடைத்த இடத்தில் பளபளப்பு செத்து, வட்டமாக மங்கியிருந்தது.

அதைப் பார்த்ததும் உன் நினைவு வந்தது என்று எழுதினால் பொய். உன் நினைவுக்காகத்தான் அந்தத் துண்டைக் கேட்டே வாங்கி வந்தேன்.

நாம் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். இரண்டு வீட்டு அடுப்படியிலும் ஒரே மாதிரிப் பலகை, ஒரே கரி. அப்போதே எனக்கு உன்மேல் பொறாமை இருந்தது. உன் கையெழுத்து, உன் முடி, யார் வந்தாலும் முதலில் உன்னைக் கூப்பிடுவது. கல்லூரிக்குப் போனது நான் மட்டும்தான். அதிலும் எனக்கு நிம்மதி கிடைக்கவில்லை. நீ போகாததற்குக்கூட வருத்தப்படாமல் இருந்தாயே.

ஈப்போவில் நீ வீடு வாங்கியபோது கல் பார்க்க என்னைத்தான் அழைத்துப் போனாய். கடைக்காரர் நம் இருவரிடமும் சொன்னார்: "இந்த வெள்ளைக் கல்லுல புளி, எலுமிச்சை, சுக்கா, அதான் வினிகர், மூணும் படக்கூடாது. பட்டா போச்சு." உன் கணவர் தலையிலடித்துக்கொண்டார். "நம்ம வீட்டு மீன் குழம்புக்கு இந்தக் கல்லு தாங்குமா? வேற பாரு லா."

"சமையல் எல்லாம் பின்னால அடுப்படியில. இது முன்னால, அழகுக்கு," என்றாய் நீ. பிறகு என் கையைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்தாய். "தொட்டுப் பாருடி, ஐஸ் மாதிரி இருக்கு."

தொட்டேன். என் வீட்டில் அப்போதும் இப்போதும் சதுர ஓடு பதித்த மேடைதான். ஓடுகளின் இடுக்கில் அழுக்கு ஏறிக் கறுத்துவிடும். சனிக்கிழமைதோறும் பழைய பல் துலக்கியால் தேய்ப்பேன்.

நீ குடிபுகுந்த அன்று குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் துலக்கும் வேலையை எனக்குக் கொடுத்தாய். துலக்கினேன். புளி வழிய வழிய ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு முன் அடுப்படிக்கு வந்தேன். யாரும் இல்லை. எல்லோரும் பின்னால் பால் பொங்குவதைப் பார்க்கக் கூடியிருந்தார்கள். கடைக்காரர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. விளக்கைக் கல்லின் மேல் வைத்தேன். பால் பொங்கி எல்லோரும் சத்தம் போட்டபோதும் அதை எடுக்காமல் பக்கத்திலேயே நின்றேன்.

விளக்கை எடுத்தது நீ. வட்டத்தைப் பார்த்தாய். புளியில் பழுப்பேறியிருந்த என் விரல்களைப் பார்த்தாய். அதற்குள் உன் கணவர் வந்துவிட்டார்.

"அலாமா! யாரு வெச்சது?"

"நான்தான்," என்றாய். "அவசரத்துல வெச்சிட்டேன். கத்தாதீங்க, ஆளுங்க இருக்காங்க."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு அது ஒரு கதை. வருகிறவர்களிடமெல்லாம் தட்டை நகர்த்தி வட்டத்தைக் காட்டுவார். "மகாராணி ஆசைப்பட்டு வாங்குனாங்க, மொத நாளே அவங்களே கெடுத்துட்டாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை மட்டும் என் தட்டில் இன்னொரு முறுக்கை வைத்துவிட்டு, "சாப்பிடுடி, ஒன்னும் ஆகலை," என்றாய். அன்று உன்னை நான் வெறுத்தேன். கல் உன்னுடையதாக இருந்தது, பெருந்தன்மையும் உன்னுடையதாகவே இருந்தது.

நீ கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. நேற்று உன் கணவர் அழைத்திருந்தார். நான் கல் தேடுவது அவர் காதுக்குப் போயிருக்கிறது. "நீ சொல்லும்மா, எது சுத்தமா இருக்கும், தொல்லை இல்லாம இருக்கும்? அந்த வெள்ளைக் கல்ல பேத்துத் தூக்கிப் போடப்போறேன். பார்க்கும்போதெல்லாம் அவள நான் பேசுனதுதான் ஞாபகம் வருது. பாவம், ஒரு நாள் தெரியாம வெச்சா, எத்தன வருசம் கிண்டல் பண்ணிட்டேன்."

குவார்ட்ஸ் போடுங்கள் அண்ணே, துடைத்தால் போதும் என்றேன். கல் கடையில் கேட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போனை வைத்தேன்.

எனக்கும் குவார்ட்ஸ்தான். இடுக்கு இல்லை, தேய்க்க வேண்டாம், எதையும் குடிக்காது. ஆனால் அளவு எடுக்க வருகிறவரிடம் குழாய்க்குப் பக்கத்தில், நான் விளக்குத் துலக்கும் இடத்தில், இரண்டு சாண் இடத்தைக் காலியாக விடச் சொல்லப்போகிறேன். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

நாளை காய்கறி வாங்கப் பாசாருக்கென்று கிளம்பி உன் வீட்டுக்குப் போவேன். அந்த வட்டம் என்னுடையது என்று முதலில் அண்ணனிடம் சொல்வேன். தெரிந்தே வைத்தேன் என்பதையும் சொல்வேன். அதைக் கேட்ட பிறகும் அவர் என்னை உட்காரச் சொன்னால், அந்த வட்டம் விழுந்த துண்டை மட்டும் அறுத்துத் தரச்சொல்லிக் கேட்பேன்.