செவிவழியை மூடிய நாள்கள்

9 மார்ச் 2025, ஞாயிறு
கணினி இயங்குதளத்தின் புதிய பதிப்பில் செவிவழி திறக்கவே இல்லை.
பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ள தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. சார்லஸும் நானும் கல்லூரி முடித்த வருடம் தொடங்கினோம். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று நிரலைத் திறந்தே வைத்தோம். ஒரு காலத்தில் இருபது பேர் திருத்தினார்கள். இப்போது நான் மட்டும். பிழை இருக்கிறது என்று எழுதுபவரும் ஒருவர்தான்: கந்தர்வக்கோட்டை ஐயனார் சார். பார்வையில்லாத வரலாற்று ஆசிரியர். மாதம் தவறாமல் எழுதுவார்.

14 மார்ச், வெள்ளி
சார்லஸிடம் போனில் பேசினேன். அவன் விலகி மூன்று வருடம். அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டும், ஆறு மாத வேலை என்றேன். மூடிவிடச் சொன்னான். இப்போது போனே எல்லாவற்றையும் வாசிக்கிறதாம், நம்முடையதைவிட நன்றாகவே. ஐயனார் சார் என்ன செய்வார் என்று கேட்டேன்.
"ஒருத்தருக்காக எத்தனை நாளைக்கு ஓட்டுவ வனிதா?"
ஒருத்தர்னா ஆள் இல்லையா?

15 மார்ச்
எழுதத்தான் போகிறேன். ஆறு மாதம் ஆனால் ஆகட்டும்.

22 மார்ச், சனி
என் கணவர் முத்துராஜ் எதுவும் கேட்பதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். இன்று புதிய நிரல் ஒரு வரி வாசித்தது. 'ழ' வரும் இடத்திலெல்லாம் இருமல் மாதிரி ஒரு சத்தம். நாளை ஐயனார் சாரிடமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டிக் கேட்கலாம்.

23 மார்ச், ஞாயிறு
சொல்லாமல் போனது என் தப்பு.
கதவு திறந்திருந்தது. சார் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். அது ஒரு கட்டுரையை மளமளவென்று வாசித்துக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று ஒரு பத்தி முழுக்கக் கேட்டேன். ஒரு 'ழ' கூடப் பிசகவில்லை. "சார்" என்றேன். சட்டென்று போனை நிறுத்திவிட்டார்.
அவர் மனைவி ராசாத்தி காபி கொண்டுவந்தார். எத்தனை நாளாகப் போனில் கேட்கிறார் என்று சாரிடம் கேட்டேன்.
"ரெண்டு வருசமாச்சும்மா."
அப்போ மாசா மாசம் எழுதுன பிழையெல்லாம்? அதற்காகவே மாதம் ஒரு நாள் செவிவழியைத் திறந்து பார்ப்பாராம்.
"வேற யாரும் எழுதுறதில்லன்னு தெரிஞ்சுச்சு. நானும் விட்டுட்டா நீங்க மனசு ஒடிஞ்சு போவீங்கன்னுதான்… தப்புதாம்மா."
"ஒங்களுக்காகத்தான் சார் நான் ஓட்டிக்கிட்டிருந்தேன்."
லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

24 மார்ச்
யார் மேல கோபப்படுறது? அவர் மேலயா? நல்ல மனுசன். எனக்கு அழத்தான் வருது —

30 மார்ச், ஞாயிறு
அறிவிப்பு எழுதினேன். இனிமேல் பராமரிக்க ஆளில்லை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்றே வரி. கீழே இருபது பேரின் பெயர்கள். சார்லஸ் பெயரை முதலில் போட்டேன்.
இனி யாரும் பார்க்கலாம், எழுத முடியாது என்று நிரலைப் பூட்ட வேண்டும். பூட்டும் முன், நிரல் இருக்கும் தளம் நிச்சயம்தானா என்று கேட்டு, செவிவழி என்ற பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவது முறை பூட்டிக்கொண்டது.

26 ஏப்ரல், சனி
ஐயனார் சார் கூப்பிட்டார். நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். இருக்கேன் சார் என்றேன். பள்ளிக்கூடம் லீவு விடப்போவதைச் சொன்னார். வெயில் அதிகம் என்றார். இங்கேயும்தான் என்றேன்.
"வேற என்னம்மா?"
"வேற ஒண்ணுமில்ல சார்."
இருவரும் போனை வைக்கவில்லை.